நான் எழுதாத கட்டுரைக்குக் கிடைத்த நாற்காலி

சொகால் க்ரீக், ஆல்பர்ட்டா
பிப்ரவரி 11

பேரன்பும் பெருமதிப்பும் உரிய மைத்துனர் நெஸ்டர் கோவாலிஷின் அவர்களுக்கு, தங்கள் மறைந்த தங்கையின் கணவன் ஓரெஸ்ட் பாபியுக் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதம் தங்களைப் பூரண நலத்தோடும், தங்கள் இடது முழங்காலைப் போன மாதத்தைவிடச் சற்று மேலான நிலையிலும் கண்டடையும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று என்றாலும், எஞ்சினைச் சூடாக வைக்கும் ஒயரைச் செருகியே வைத்திருப்பதால் காரும் நலம். இது தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் தொலைபேசி என்றால் தாங்கள் நடுவில் சிரிப்பீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. ஆகவே தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு, கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் சிரிக்கவும்.

விஷயம் இதுதான். என்னை மேலவைக்கு நியமிக்கப் போகிறார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் அந்தத் தேர்தலில் நின்றதும், தாங்கள் சஸ்காட்ச்சுவானிலிருந்து போன் போட்டு, "சம்பளம் குடுத்துத் தூங்க வெக்கிற எடத்துக்குத் தேர்தல் ஒரு கேடா? இழுத்து மூடிட்டுப் போங்கய்யா" என்று சொன்னதும் தங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. எங்கள் மாகாணத்து வழக்கம் தாங்கள் அறியாததல்ல. ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு மேலவைக்கு இன்னாரை அனுப்புங்கள் என்று சொல்வோம். ஒட்டாவாவில் பிரதமராக இருப்பவர் அந்தப் பட்டியலை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு யாரையாவது நியமிப்பார். அவர் எங்கள் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இது தெரிந்தேதான் நின்றேன். அறுபத்து நான்கு ஊர்களின் பொது மண்டபங்களில் பேசினேன், அறுபத்து நான்கிலும் பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டேன், எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான்: ஒருவர் தயவில் நாற்காலியில் உட்கார்ந்தவன் அந்த ஒருவருக்கு மட்டும்தான் பதில் சொல்வான், நமக்குச் சொல்ல மாட்டான், ஆகவே நாமே அனுப்புவோம். ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் எனக்கு ஓட்டுப் போட்டார்கள். அதன்பின் ஆறு வருஷம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டரிடம் போனால் அங்கிருக்கும் பெண், "காத்திருங்க மிஸ்டர் பாபியுக், உங்களுக்கென்ன புதுசா" என்பாள். எழுபத்தைந்து வயதானால் மேலவையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்பது விதி. எனக்கு இந்த நவம்பரில் எழுபத்து நான்கு. ஆக, உட்காராமலேயே ஓய்வு பெறப் போகிறேன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

ஒட்டாவாவில் இப்போது இன்னொரு வாசலும் திறந்து வைத்திருக்கிறார்கள். மேலவைக்குப் போக விரும்பும் யாரும் வேலைக்கு மனுப் போடுவதுபோல விண்ணப்பம் போடலாம். ஒரு குழு அதையெல்லாம் படித்துப் பார்த்து நல்ல ஆளாகப் பொறுக்கிப் பிரதமரிடம் கொடுக்கும். இதிலே மனுப் போடு என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். ஜனங்கள் தேர்ந்தெடுத்தவன் மனுப் போடுவதாவது என்று அத்தனை பேரிடமும் சண்டை போட்டேன். தங்களிடமும் போட்டேன். அதற்கு இப்போது வருந்துகிறேன், காரணம் பின்னால் வருகிறது.

போன மாதம் இருபதாம் தேதி, காலை பத்து மணிக்கு, குளிர்பெட்டியில் உறைந்த பனியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஒட்டாவாவிலிருந்து மதாம் பெல்ரோஸ் என்று ஒரு அம்மாள். குரலில் தேன் ஒழுகியது. "மிஸ்டர் பாபியுக், உங்க விண்ணப்பம் கடைசிச் சுற்று வரைக்கும் வந்திருக்கு" என்றார். நான் விண்ணப்பமே போடவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "விதிப்படி சில கேள்வி கேக்கணும்" என்று அடுக்கிக்கொண்டே போனார். வயது? சொன்னேன். குடியிருப்பு ஆல்பர்ட்டாவில்தானே? ஆமாம். மாகாணத்துக்குள் உங்கள் பேரில் நாலாயிரம் டாலராவது மதிப்புள்ள நிலம் இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மச்சான், நாற்பத்தெட்டு வருஷம் நிலம் வைத்திருந்தவனிடம் நிலம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் வாய் தானாகவே இருக்கிறது என்கிறது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நானூற்று எண்பது ஏக்கரையும் போன வசந்தத்தில் மகள் லாரிசா பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, டவுனில் மருந்துக்கடைக்கு மேலே வாடகை வீட்டில் இருக்கிறேன். என் பேரில் இருக்கும் மண் இரண்டு பூந்தொட்டி. அதிலும் ஒன்று செத்துவிட்டது.

ஆனால் நிலத்தைவிடப் பெரிய இடி அதற்கு முன்பே போனில் இறங்கியிருந்தது. அந்த அம்மாள் முடிக்கும்போது, "உங்க கட்டுரை பத்தி குழுவுல எல்லாரும் பேசிக்கிட்டாங்க" என்றார். எந்தக் கட்டுரை என்றேன். விண்ணப்பத்தோடு இணைத்த கட்டுரையாம். மேலவை உறுப்பினர்களை ஏன் தேர்தல் வைத்து எடுக்கக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லையாம். தேர்தலில் நின்று ஜெயித்த ஒருவரே மனம் மாறி இப்படி எழுதியது குழுவைக் கலங்க வைத்துவிட்டதாம். நான் கரண்டியோடு நின்றேன். அவர் எனக்கே என் கட்டுரையிலிருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார். அதைக் கேட்டபடியே எழுதுகிறேன்:

"எங்கள் சர்ச்சில் கமிட்டிக்குத் தேர்தல் நடக்கும். ஜெயித்தவர்கள் வருஷம் முழுக்கச் சண்டை போடுவார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவ மட்டும் தேர்தல் கிடையாது. யாராவது வந்து, நீங்கள் வருகிறீர்களா என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவள் வந்து, முன்னால் நிற்பவர்கள் சிந்தியதைத் துடைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போவாள். மேலவையின் வேலை அதுதான்."

இருபத்தாறு வருஷம் அந்தச் சமையலறையில் பாத்திரம் கழுவியது தங்கள் தங்கை ஸ்டெஃபானியா. இதை எழுதக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். தேர்தல் நடந்த அன்றைக்கே என் முகத்துக்கு நேராக, "உங்க சீட்டுல நான் யாருக்கும் குறி போடலப்பா, வெத்தாதான் மடிச்சுப் போட்டேன்" என்று சொன்ன என் மகள்.

இப்போது என் நிலைமையைத் தாங்களே சீர்தூக்கிப் பார்க்கவும். ஆறு வருஷமாக எதற்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. ஆனால் என் வாயால் நான் மாகாணம் முழுக்கச் சொன்னதற்கு நேர் எதிரான ஒரு கட்டுரைக்காக வந்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள நாலாயிரம் டாலர் நிலம் வேண்டும். நிலம் முழுவதும் அந்தக் கட்டுரையை எழுதியவளிடம் இருக்கிறது. அவளிடம் போய்க் கேட்பதைவிட வேறு எதையும் செய்யலாம் என்று தோன்றியது. வேறு எதையோ செய்தும் பார்த்தேன்.

ஸ்டெஃபானியா போனபோது கல்லறைத் தோட்டத்தில் இரட்டை இடமாக வாங்கியது தங்களுக்குத் தெரியும், கூட நின்றவர் தாங்கள். அவள் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது, என் பேரில் ரசீது இருக்கிறது. ஆல்பர்ட்டாவுக்குள் எனக்கு மிச்சமிருக்கும் மண் அதுதான். அதையே காட்டினால் என்ன? ரசீதை எடுத்துக்கொண்டு கல்லறைக் கமிட்டிச் செயலாளர் மெட்ரோ ஷெவ்சிக்கிடம் போனேன். மெட்ரோ கண்ணாடியைப் போட்டு ரசீதை இரண்டு பக்கமும் பார்த்தான். "இது பத்திரம் இல்ல ஓரெஸ்ட். உனக்கு அங்க படுத்துக்கிற உரிமைதான் உண்டு. விக்க முடியாது, வேலி போட முடியாது, ஓட்ஸ் வெதைக்க முடியாது" என்றான். நான் நாலாயிரம் டாலர் பெறுமா என்று மட்டும் ஒரு கடிதம் கொடு என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மேலவைக்குப் போறதுக்குக் கல்லறையக் காட்டுறியா? அங்க உள்ளவங்கள நான் டிவில பாத்திருக்கேன், அவங்களுக்கு வித்தியாசமாத் தெரியாது" என்றான். தாங்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வந்ததற்கு ஸ்டெஃபானியாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன். முழங்கால் அளவு பனி. கல்லின் மேல் இருந்ததைக் கையுறையால் தள்ளிவிட்டு, நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. அவள் பக்கத்தில் படுக்க வாங்கிய இடத்தை ஒரு நாற்காலிக்காக விலைபேசப் போனேனே என்று அங்கேதான் புத்திக்கு வந்தது. அங்கிருந்து நேராகப் பண்ணைக்கு வண்டியை விட்டேன்.

லாரிசா தொழுவத்தில் இருந்தாள். மாட்டு டாக்டருக்குப் பிப்ரவரியில் வேறெங்கே வேலை. தலைச்சன் கிடாரி ஒன்று, கன்று பின்னங்கால் முன்னால் வந்து மாட்டிக்கொண்டிருந்தது. தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டிருந்தாள். மருமகன் கிராண்ட் வடக்கே எண்ணெய் வயலில் வேலைக்குப் போயிருப்பதால் வேறு ஆள் இல்லை. நான் எவ்வளவு கோபத்தோடு போனேன் என்பது தங்களுக்குப் புரிய வேண்டும். வண்டியிலேயே மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். வாசலில் நின்று, என் பேரில் கட்டுரை எழுதியது யார் என்று கேட்டேன்.

"நான்தான். அந்தக் கயித்தப் புடிங்கப்பா" என்றாள்.

பிடித்தேன். கையெழுத்து யார் போட்டது என்றேன். நீங்கள்தான் என்றாள். போன வசந்தத்தில் வக்கீல் கட்டுக் கட்டாகக் காகிதம் அனுப்பியிருந்தாரே, சமையலறை மேசையில் வைத்து, மஞ்சள் சீட்டு ஒட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னேனே, அதில் கடைசி மூன்று தாள் வக்கீலுடையது இல்லை என்றாள். படித்துப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னாளாம். சொன்னாள்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் படிக்கவில்லை. அன்றைக்கு அதில் ஒரு வரி படித்திருந்தாலும் நிலத்தைக் கொடுக்க என் கை வந்திருக்காது. அதனால் கண்ணை மூடாத குறையாக மடமடவென்று போட்டுத் தள்ளினேன். முப்பத்தேழு கையெழுத்து. அதிலே நிலமும் போயிற்று, கொள்கையும் போயிற்று.

"எனக்கு ஒரு ஓட்டுப் போட உனக்கு மனசு வரல. ஆனா என்னத் தூக்கி அங்க உக்கார வெக்க நாலு பக்கம் எழுத மனசு வந்துதா?" என்றேன்.

"வந்துது. நான் உங்கள நம்புறேம்ப்பா, தேர்தலத்தான் நம்பல. அங்க நம்ம மாகாணத்துக்கு ஆறு சீட்டு. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துல நம்மள்ல அஞ்சுல ஒரு பங்கு ஜனம்கூட இல்ல, அவங்களுக்குப் பத்து. இப்ப எல்லாரும் நியமனத்துல வந்தவங்க, அதனால கொஞ்சம் அடக்கி வாசிக்கிறாங்க. நாளைக்கு எல்லாரையும் ஓட்டுப் போட்டு அனுப்புனா நெஞ்ச நிமித்திக்கிட்டு வருவாங்க. அப்ப அந்தப் பத்து இந்த ஆறத் தெனமும் அடிக்கும். நீங்க கேக்குறது கெடச்சா மொதல்ல அடி வாங்கப் போறது நாமதான். இழுங்க, இழுங்க."

இழுத்தேன். நான் விடவில்லை. அடக்கி வாசிக்கிறவன் யாருக்காக அடக்கி வாசிக்கிறான், தன்னை உட்கார வைத்தவருக்காகத்தானே என்றேன். தப்பு செய்தால் அவனைக் கேட்க யாரால் முடியும் என்றேன். சீட்டுக் கணக்கு தப்பென்றால் கணக்கைத் திருத்த வேண்டும், அதற்காக ஓட்டே வேண்டாம் என்பதா என்றேன். கணக்கைத் திருத்த மாகாணங்கள் ஒத்துக்கொள்ளுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது நடக்காது என்று எனக்கும் தெரியும். நான் சொல்வதில் ஒரு பகுதி நியாயம் என்று அவளுக்கும் தெரியும். இந்த நாட்டில் இந்த வாதம் எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. கிடாரி மட்டும் இரண்டு பேரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

கடைசியில் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லாமல் செய்தாய் என்று. கன்று வெளியே வந்து விழுந்து, அவள் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து, அது தும்மின பிறகுதான் சொன்னாள்.

"அம்மா போனதுக்கப்பறம் நான் எப்ப வந்தாலும் நீங்க அந்த ஃபோன் பக்கத்துலயே இருந்தீங்க. கோட்டு போட்டுக்கிட்டு, சட்டைக்குப் பட்டன் மாட்டிக்கிட்டு, யாரோ வண்டி அனுப்பப் போறாப்ல. எத்தன வருஷம்ப்பா பாத்துட்டுப் போறது? ஓட்டுப் போட்டவங்க யாராவது வந்து பாத்தாங்களா? அதான் எழுதினேன்."

மச்சான், அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. அந்தக் குளிரில் கண்ணீர் மீசைக்கு வருவதற்குள் உறைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அப்புறம் நிலத்தைப் பற்றிச் சொன்னேன். கல்லறைக்குப் போனதையும் சொல்லிவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தாங்கள் சிரிக்கிற அதே சிரிப்பு, தங்கள் குடும்பத்துச் சொத்து அது. சிரித்து முடித்துவிட்டு, குட்டைக்குப் பக்கத்துப் பத்து ஏக்கரை உங்கள் பேருக்கு மாற்றித் தருகிறேன், தவளைக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகும் என்றாள்.

போன வியாழக்கிழமை வக்கீலிடம் போனோம். எதற்காக இந்த மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில் வக்கீல் பேனாவைப் பிடித்துக்கொண்டு லாரிசாவைப் பார்த்தார். "தானம்னு போடுங்க" என்றாள். அறுபத்து நான்கு மண்டபங்களில் யார் தயவும் வேண்டாம் என்று பேசியவன், நான் கொடுத்த நிலத்தில் பத்து ஏக்கரைத் தானமாக வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நன்றாக இருந்தது. தரமாட்டேன் என்று சொல்லக்கூடியவள் தந்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்.

முடிவு என்னவென்றால், நியமனத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஓட்டுப் போட்ட ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரும் நான் அங்கே போக வேண்டும் என்றுதான் கேட்டார்கள், எந்த வாசல் வழியாக என்று வாக்குச்சீட்டில் அச்சிடவில்லை. போய் உட்கார்ந்த முதல் நாளே எழுந்து நின்று, இந்த நாற்காலிகளுக்கெல்லாம் தேர்தல் வைக்க வேண்டும் என்று பேசுவேன். அதுவரைக்கும் கட்டுரையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். இது நேர்மையா என்று தாங்கள் கேட்கலாம். எழுபத்து மூன்று வயதில் ஒருவனுக்கு ஒரு தடவையாவது வளைந்து கொடுக்க உரிமை உண்டு என்று சொல்லிக்கொள்கிறேன். இந்த வாக்கியத்தை மூன்று தடவை அடித்து எழுதினேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: பதவியேற்புத் தேதி தெரிந்ததும் தந்தியைப்போலச் சுருக்கமாகப் போன் செய்வேன். தாங்கள் நல்ல கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒட்டாவாவுக்கு வர வேண்டும். மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம். இழுத்து மூடு என்று அங்கிருந்து கத்தக் கூடாது. ஸ்டெஃபானியா இருந்திருந்தால் உட்கார வேண்டிய இடம் அது.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் வந்தனம். தங்கள் மாடுகள் யாருடைய கையும் தேவைப்படாமல் கன்று போடட்டும். மே மாதத்தில் தங்கள் விதைப்பின் மேல் உறைபனி விழாதிருக்கட்டும். தங்கள் முழங்கால் படியேறும் அளவுக்குத் தேறட்டும், பார்வையாளர் வரிசை மாடியில் இருக்கிறது.

தங்கள் அன்புள்ள தங்கை கணவன்,
ஓரெஸ்ட் பாபியுக்
(விரைவில் செனட்டர்)

பின்குறிப்பு, பிப்ரவரி 28: மேலே கையெழுத்துக்குக் கீழே எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிடவும். அதற்கு மேலே எழுதியிருப்பதையும் பெரும்பாலும் அடித்துவிடலாம்.

கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டி வைத்த அன்றே ஒட்டாவாவிலிருந்து கடைசிப் படிவம் வந்தது. இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில், இணைத்திருக்கும் கட்டுரை என் சொந்தக் கருத்து, நானே எழுதியது என்று ஒரு வரி, பக்கத்தில் கையெழுத்துக்கு இடம். மஞ்சள் சீட்டு எதுவும் ஒட்டவில்லை. நான்கு நாள் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். பேனா வரவில்லை. ஐந்தாம் நாள் மதாம் பெல்ரோஸுக்கு நானே போன் செய்து, அது என் கருத்தும் இல்லை, என் எழுத்தும் இல்லை, என் மகள் எழுதியது, நான் தேர்தல் வேண்டும் என்கிற பழைய ஆள்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டப் போகிறார்கள் என்று பார்த்தால், மெதுவாக, "உங்க பொண்ணுக்கு எத்தன வயசு?" என்றார். நாற்பத்தாறு என்றேன். "அவங்க பேர்ல நெலம் ஏதாவது இருக்கா?" நானூற்று எழுபது ஏக்கர் இருக்கிறது, எல்லாம் நான் கொடுத்தது என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து லாரிசா மருந்துக்கடை மாடிக்கு ஏறி வந்தாள். அந்தக் கட்டுரையை அவள் பேரிலேயே போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். எழுபத்தைந்து ஆக அவளுக்கு இன்னும் இருபத்தொன்பது வருஷம் இருக்கிறது. என்ன சொன்னாய் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவள் பேர், கீழே ஆம், இல்லை, இரண்டுக்கும் எதிரே கட்டம். பென்சிலையும் வைத்தாள்.

"நீங்க போடுங்க. இல்லன்னு வந்தா மனு போட மாட்டேன். ஆமான்னு வந்தா, அங்க என்னைய அனுப்பினது நீங்கதான். கேள்வி கேக்கணும்னா நீங்க கேளுங்க, நான் பதில் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் பேர் போட்ட ஓட்டை ஒட்டாவா ஆறு வருஷமாகத் தொடவில்லை. இங்கே ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு சீட்டு. எனக்கு அவள் மடித்துப் போட்ட வெற்றுச் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். என் நாற்காலி அது என்று ஒரு பக்கம் நெஞ்சு எரிந்தது. அவள் முதுகைப் பார்த்தேன். தோளைத் தூக்கிக்கொண்டு, தேர்தல் முடிவு வெளியான நாளில் நான் நின்றதுபோலவே நின்றாள். பென்சிலை எடுத்துக் குறி போட்டு, நாலாக மடித்துக் கொடுத்தேன்.

எப்படிப் போட்டேன் என்பது ரகசியம், தங்களிடமும் சொல்வதற்கில்லை. அவளுடைய விண்ணப்பம் வெள்ளிக்கிழமை காலையில் தபாலில் போயிற்று. தபால் நிலையம் வரைக்கும் நடந்து போய், அதைப் பெட்டியில் போட்டது நான்தான்.